'காக்னேட்' என்னும் ஆங்கிலப் பெயரடை

மொழியாராய்ச்சிக் கட்டுரைகளில் 'காக்னேட்' என்னும் ஆங்கிலப் பெயரடை, ஒலியொப்புமையுடைய சொற்கள் அனைத்திற்கும் வேறுபாடின்றி ஆளப்படுவதைக் காண்கின்றோம். இது பொருந்தாது. 'உடன்பிறந்த' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்த இப்பெயரடை, பிறப்பால் அமையும் உறவையே குறிக்கும், ஒப்புமையை அன்று.

தமிழில் 'செவி' என்பது கன்னடத்தில் 'கிவி' என வழங்கும். முதலொலி வேறுபடினும், இவை ஒரே மூலத்திராவிடச் சொல்லின் வழிவந்தவை. மூலத்தின் ககரம், இகர எகரங்களுக்கு முன், வளைநாவொலி தொடராதவிடத்துத் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்தில் ககரமாகவே நின்றது. தமிழ்ச் 'செய்', பழங்கன்னடக் 'கெய்' என்பனவும் இந்நெறியினவே. வளைநாவொலி தொடர்தலின் 'கெடு' என்பது தமிழிலும் மாறவில்லை.

இனி, 'கட்டுமரம்' என்பதும் ஆங்கிலக் 'கேட்டமரான்' என்பதும் ஒலியால் மிக நெருங்கியவை. எனினும் பின்னது முன்னதன் கடன்வடிவம். கடன் பிறப்புறவு ஆகாது. நாளைக் குறிக்கும் ஆங்கில 'டே', இலத்தீன் 'தியேஸ்' ஆகியவையோ கடனும் அல்ல, உறவும் அல்ல. அவற்றின் ஒப்புமை தற்செயலே.

ஆதலின், ஒழுங்கான ஒலிமாற்றம் பல சொற்களில் நிறுவப்பட்ட பின்னரே இப்பெயரடையை ஆளுதல் வேண்டும். இவ்வரையறை நெகிழுமாயின், கடன் கொண்ட மொழிகளெல்லாம் தமிழுக்கு இனமொழிகளாகிவிடும். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் விளக்கிய திராவிட இனவுறவும் தன் பொருளை இழக்கும் என்க.