கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் தகப்பனார் உபாத்தியாயரிடம் ஒரு வாக்கியம் சொல்லுவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். "கண் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா, மற்றபடி தோலை உரித்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்" என்பதே அது. இதைச் சொல்பவர் கொடியவர் அல்லர். பிள்ளையின் மீது உயிரையே வைத்திருப்பவர்தாம். உபாத்தியாயருக்குத் தாம் செலுத்தும் மரியாதை என்று எண்ணியே சொல்லுகிறார். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவர் கவனிப்பதில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அது ஒரு பாடம் கற்றுக்கொள்ளுகிறது: இனிப் பள்ளிக்கூடத்தில் தனக்கு எது நேர்ந்தாலும் வீட்டில் வந்து சொல்லிப் பயனில்லை.

குழந்தைகளின் மனோநலத்தைப் பற்றி இன்று அறிக்கைகளும் திட்டங்களும் ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றில் நல்லவை பல உண்டு. ஆனால் அவை யாவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. பிள்ளை வாய் திறந்து சொல்லவேண்டும். கேட்பதற்கு ஒரு பெரியவர் இருக்கவேண்டும். மேற்சொன்ன வாக்கியமோ வீட்டுக் கதவையும் பள்ளிக்கூடத்துக் கதவையும் ஒரே சமயத்தில் சாத்திவிடுகிறது. ஆகையால் அந்த வாக்கியத்தையே இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம்.

தகப்பனார் கொடுக்கும் இந்த அனுமதி சட்டப்படி செல்லுமா? இதன் பூர்வோத்தரம் நம் நாட்டுச் சாஸ்திரங்களில் மட்டும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் என்னும் ஆங்கில நியாய நிபுணர், தகப்பன் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை உபாத்தியாயருக்கு ஒப்படைக்கலாம் என்று எழுதிவைத்தார். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-வது ஷரத்து, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரோ அவருடைய சம்மதம் பெற்றவரோ நல்லெண்ணத்துடன் செய்யும் காரியம் சில வரம்புகளுக்குள் குற்றமாகாது என்றது. பிரம்பெடுத்த உபாத்தியாயர்களுக்காகக் கோர்ட்டு ஏறிய வக்கீல்கள் இந்த ஷரத்தை இறுகப் பற்றிக்கொண்டு வாதாடியிருக்கிறார்கள். அந்தப் பழைய சட்டம் போய், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதீய நியாய சம்ஹிதை அமுலில் இருக்கிறது. பெயர் மாறியது, ஷரத்து அப்படியே 27-வது இலக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மெக்காலேயின் சட்டத்தைக் களைந்தோம் என்று பெருமை பேசுகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும்.

ஆயினும் பள்ளிக்கூடத்தின் வாசற்படியில் இந்த அனுமதி இன்று நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51-வது விதி 2003-இல் திருத்தப்பட்டு, மாணவரைத் திருத்துவதென்ற பெயரால் உடலுக்கோ மனத்துக்கோ வேதனை உண்டாக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் அமுலில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது ஷரத்து, எந்தக் குழந்தையையும் சரீர தண்டனைக்கோ மன உபத்திரவத்துக்கோ உள்ளாக்கக் கூடாது என்று சொல்லுகிறது. மீறுகிறவர் மீது உத்தியோக விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். தகப்பனாரின் சம்மதம் இருந்தால் விலக்கு என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில் உள்ளவர்களுக்கே என்பது மெய். மேல்வகுப்புப் பிள்ளைக்கு 51-வது விதியே துணை. எப்படிப் பார்த்தாலும், கண் இரண்டை விட்டுவிடச் சொல்லும் தகப்பனார் தமக்கு இல்லாத ஓர் அதிகாரத்தைத் தானம் செய்கிறார்.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, நடப்பு வேறு பக்கமாக இருந்து வந்திருக்கிறது. இந்திய சர்க்காரின் மகளிர், குழந்தைகள் இலாகா 13 ராஜ்யங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளில் நூற்றுக்கு 65 பேர் சரீர தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். அந்தப் பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. இதைக் கொண்டு நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை என்பது நேயர்களுக்கே தெரியும்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். அது மாட்டைப் பற்றிய பழமொழி. "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பது இன்னொன்று. நாங்களெல்லாம் அடிபட்டுத்தானே ஆளானோம் என்று சொல்லும் நண்பர்களும் அநேகர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. உத்தரத்தில் கட்டிய கயிற்றைக் கைகளால் பற்றிக்கொண்டு பையன் அந்தரத்தில் தொங்கவேண்டும். அப்படித் தொங்கியவர்களிலும் மேதாவிகள் தோன்றினார்கள். ஆனால் தொங்கியதனால் தோன்றினார்களா? பள்ளியை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வராதவர்களின் சுயசரித்திரம் நமக்குக் கிடைக்கவில்லை. ஜெயித்தவனை மட்டும் சாட்சியாக அழைத்து வழக்கு நடத்தினால் எந்தக் கட்சியும் ஜெயிக்கும்.

அடி பலிக்காது என்று சொல்ல நாம் துணியவில்லை. சில சமயம் பலிக்கும். இதற்குக் காந்தியடிகளின் சுயசரிதையிலேயே சாட்சி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் அவரே பிள்ளைகளுக்கு உபாத்தியாயர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமது சொற்பத் தமிழைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். அங்கே பதினேழு வயதுள்ள, நல்ல தேகக்கட்டு உடைய ஒரு முரட்டுப் பையன் இருந்தான். எத்தனை எடுத்துச் சொல்லியும் கேளாமல் ஒருநாள் எல்லை மீறிப் போகவே, அடிகள் கைக்கு எட்டிய ரூல் தடியை எடுத்து அவன் புஜத்தில் ஒன்று போட்டார். போடும்போதே அவருடைய உடம்பு நடுங்கிற்று. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். வலியால் அழவில்லை, தம் வேதனையைக் கண்டே அழுதான் என்று அடிகள் கருதினார். அதற்குப் பின் அவன் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை.

நம்மில் ஒருவராக இருந்தால், "பார்த்தீர்களா, ஒரே அடியில் திருந்தினான்!" என்று அதை ஊரெல்லாம் சொல்லியிருப்போம். அடிகளோ பல வருஷங்களுக்குப் பின்னும் அந்தச் செயலுக்காகப் பச்சாத்தாபப்பட்டார். அன்று தாம் அவனுக்குக் காட்டியது ஆத்மாவை அல்ல, மிருகத்தை என்று அஞ்சினார். அதன் பின்னர்ப் பிள்ளைகள் தவறு செய்த சந்தர்ப்பங்கள் பல வந்தும் சரீர தண்டனையை நாடவில்லை. பலித்த அடியையே ஒருவர் தள்ளினார் என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது.

இதன் மறுபக்கத்தை அவருடைய பாலியத்தில் காண்கிறோம். பதினைந்து வயதில் தமையனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு பொன்னைத் திருடினார். மனம் பொறாமல், குற்றத்தை ஒரு காகிதத்தில் எழுதி, தக்க தண்டனை தரும்படியும் கேட்டு, நோயாய்ப் படுத்திருந்த தகப்பனாரிடம் நீட்டினார். தகப்பனார் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. கண்ணை மூடிச் சற்று யோசித்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்தெறிந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து பையன் தயங்கவில்லை என்று அவரே எழுதுகிறார். தகப்பனாருக்கு உண்டாகும் துயரத்துக்கே அஞ்சினார். குற்றம் செய்த பிள்ளை தானாகவே வந்து சொல்லக்கூடிய வீடாக அது இருந்தது. நம் வீடுகளில் எத்தனை அப்படி இருக்கின்றன?

சரீர தண்டனையைக் காட்டிலும் நுட்பமானது அவமானம். பிரம்பை ஒழித்த பள்ளிக்கூடங்களும் இதை ஒழிக்கவில்லை. மார்க்கு வரிசைப்படி உட்கார வைப்பது, தேறாதவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்து அதற்கொரு பட்டப்பெயர் வழங்குவது, சம்பளம் கட்டாத பிள்ளையை எல்லார் முன்னிலும் எழுப்பி நிறுத்துவது இவையெல்லாம் 17-வது ஷரத்துச் சொல்லும் மன உபத்திரவமே என்பது நமது அபிப்பிராயம். அரசாங்கப் பரீட்சை முடிவுகளில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2017-இல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் தெருமுனைப் பலகைகளில் தனியார் பள்ளிகள் அதே வேலையைப் படத்துடன் செய்து வருகின்றன. படம் போடப்படாத பிள்ளைகளும் அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும்.

நமது நாட்டுக்கே உரிய இன்னொரு அவமானம் ஜாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய கோரத்தைக் கேட்டு நாடு பதறிற்று. அதன் பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வர்ணக் கயிறுகளைத் தடுக்கவேண்டுமென்பது அதன் சிபார்சுகளில் ஒன்று. கயிற்றை அவிழ்ப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. அதைக் கட்டியனுப்பியது எது என்று யோசிப்பது வீட்டின் வேலை.

2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் தொகை 13,044 என்று தேசியக் குற்றப் பதிவு நிலையம் கணக்குக் கொடுத்தது. இதற்கெல்லாம் பரீட்சை ஒன்றே காரணம் என்பது பிழை. இத்தகைய மரணம் எதற்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. விசாகப்பட்டினத்தில் வைத்தியப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துவந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பதினைந்து கட்டளைகளை விதித்தது. சட்டசபைகள் தக்க சட்டம் இயற்றும்வரையில் இவை நாடெங்கும் கட்டுப்படுத்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள ஸ்தாபனம் ஒவ்வொன்றும், குழந்தை மனோநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்கவேண்டும். மார்க்கைக் கொண்டு பிள்ளைகளைப் பிரிப்பதும், பலர் முன்னிலையில் அவமதிப்பதும், சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதும் தவிர்க்கப்படவேண்டும். உபாத்தியாயர்களுக்கு வருஷத்தில் இரண்டு முறையாவது பயிற்சி கொடுக்கவேண்டும்.

உபாத்தியாயர் தரப்பிலும் நியாயம் உண்டு. வகுப்புக்கு மேல் வகுப்பு, கணக்குக்கு மேல் கணக்கு, தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலதிகாரிகளின் கூட்டத்தில் எழுந்து நிற்கவேண்டிய நிலை! தலைமையாசிரியர் அங்கே பெற்றதை உபாத்தியாயருக்கும், அவர் பெற்றதைப் பிள்ளைக்கும் இறக்கிவைக்கிறார்கள். அவமானம் மேலிருந்து கீழே பாயும் ஜலம் போன்றது. மேலே அடைக்காமல் கீழே துடைப்பதில் என்ன லாபம்?

வீட்டு விஷயம் இன்னும் சிரமமானது. பெற்றோர் தம் பிள்ளையை அடிப்பதைத் தடுக்க ஸ்வீடன் தேசம் 1979-இல் சட்டம் செய்தது. பின்னர் அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அவ்வழியே சென்றன. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வந்தாலும் அடுப்பங்கரைக்குள் போலீசு எட்டிப்பார்க்க முடியாது. அங்கே தகப்பனாரின் சொந்த விவேகந்தான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடுகிற பிள்ளை, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்ளும் பிள்ளை, நாளெல்லாம் ஒரு தோழனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று அந்தப் பெயரை எடுக்காத பிள்ளை, நின்றுபோன வழக்கமாகிய படுக்கையை நனைத்தல் திரும்பவும் தொடங்கிய பிள்ளை - இவர்கள் ஏதோ சொல்லுகிறார்கள். முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டியதே. அவர் ஒன்றுமில்லை என்றால், "அப்படியானால் பொய் சொல்லுகிறான்" என்று தீர்ப்புக் கூறுவது தவறு. அந்த வலி பொய்யன்று. அதன் இடந்தான் வேறு.

நம் தகப்பன்மார்கள் மாலையில் கேட்கும் கேள்வி ஒன்றே: "இன்றைக்கு எத்தனை மார்க்கு?" அதற்குப் பதிலாக, "இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்று ஒரு வாரம் கேட்டுப் பார்க்கட்டும். பதில் வரும்போது இடையிலே புத்திமதி சொல்லாமல் கால்மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பது பொதுமேடையில் இரண்டு மணி நேரம் பேசுவதைவிடக் கஷ்டமான காரியம். தாய் தகப்பன் சச்சரவும் இதில் சேர்ந்ததே. குடும்பக் கோர்ட்டுகளில், யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்கையில், தலை குனிந்து தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கும் குழந்தைகளை வக்கீல் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். யார் பெயரைச் சொன்னாலும் மற்றவருக்குத் துரோகம் என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றுகிறது. அவ்வளவு தூரம் போகாத வீடுகளிலும் இதே கேள்வி தினந்தோறும் மௌனமாகக் கேட்கப்படுகிறது.

வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மனோவியாகூலத்துக்கு 14416 என்ற எண்ணும், தமிழ்நாட்டுப் பள்ளி மாணவருக்கு 14417-உம் உண்டு. இவற்றைப் பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதிவைக்கப் பெரும் செலவாகாது.

கல்வி உரிமைச் சட்டப்படி ஏற்பட்டுள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நாலில் மூன்று பங்கு அங்கத்தினர் பெற்றோர்களே. கட்டடம், குடிதண்ணீர், சத்துணவு ஆகியவற்றைப் பற்றி அங்கே கேள்வி கேட்கிறோம்; கேட்கவேண்டியதே. அரசியல் வேலை செய்யும் நம் நேயர்களில் பலர் இக்குழுக்களில் இருக்கிறார்கள், அல்லது இருக்கிறவர்களை அறிவார்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுத்து மூலமாகக் கொடுத்துப் பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்: இப்பள்ளியின் மனோநல ஆலோசகர் யார், எந்தெந்த நாளில் வருகிறார்? சென்ற வருஷத்தில் உபாத்தியாயர்களுக்கு எத்தனை முறை பயிற்சி நடந்தது? அடியைப் பற்றியோ அவமானத்தைப் பற்றியோ ஒரு பிள்ளை புகார் சொல்லவேண்டுமானால், புகாருக்கு உள்ளானவரின் கைக்கே அது போய்ச் சேராதபடி என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?