அச்சகம் இல்லாமல் ஒரு புத்தகம்!

முதல் நூலை வெளியிடுவோர் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை தாலுகாவில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது, சிங்காரப்பேட்டை. ஓசூர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரர் ஒருவர், ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டு நிறைந்துவிட்டது. அதைப் புத்தகமாக்குவது எப்படி?

முன்பு, பணம் திரட்டிக்கொண்டுதான் அச்சகத்தின் படி ஏற வேண்டும். "தமிழ்த் தாத்தா" உ. வே. சாமிநாதையரே, 1887-ம் ஆண்டில் "சீவக சிந்தாமணி"யை வெளியிடுவதற்கு முன், பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார்.

இன்று அந்த அலைச்சல் இல்லை. காகிதமும் மையும் இல்லாமலே நூல் வெளிவருகிறது. அதன் பெயர், மின்நூல்.

இரண்டு வழிகள்

ஒன்று, விற்பனை. அமேசான் நிறுவனத்தின் "கிண்டில்" கடையில் 2016-ம் ஆண்டின் கடைசியில் தமிழ் நூல்களுக்கும் இடம் கிடைத்தது. எழுதியவரே நூலை ஏற்றலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விலையையும் அவரே குறிக்கலாம். விற்பனையில் அவருக்கு 35 சதவீதமோ, 70 சதவீதமோ பங்கு உண்டு.

மற்றொன்று, இலவசம். "ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்" என்ற அமைப்பைத் தமிழ் ஆர்வலர்கள் 2013-ல் தொடங்கினார்கள். அதன் மூலம் வெளிவரும் நூலை யார் வேண்டுமானாலும் பணம் இல்லாமல் படிக்கலாம்.

எது லாபம்?

70 சதவீதம் என்றதும் ஆசை வரும். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு அந்தப் பங்கு வேண்டுமானால், "கே.டி.பி. செலக்ட்" என்ற திட்டத்தில் 90 நாட்களுக்குச் சேர வேண்டும். அந்த 90 நாட்களும் அதே மின்நூலை வேறு எங்கும் வெளியிடக்கூடாது. இலவசமாகவும் கொடுக்கக்கூடாது! வேண்டாம் என்று முன்கூட்டியே மாற்றி வைக்காவிட்டால், தவணை தானாகவே நீண்டுவிடும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை.

இலவச வழியிலும் யோசனை வேண்டும். அங்கே "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்ற உரிமத்தில் நூல் வெளிவருகிறது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. மற்றவர்கள் வியாபாரம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை, முதலிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

உரிமை யாருக்கு?

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவருக்கு எழுதிய உடனே உரிமை வந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். ஆகவே, "பணம் கட்டுங்கள், புத்தகம் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது வந்தால், ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். பணமும் போய், உரிமையும் போய்விடக்கூடாது அல்லவா?

கிண்டில் மின்நூலுக்கு ஐ.எஸ்.பி.என். எண் கட்டாயம் இல்லை. அச்சு நூலுக்குத் தேவை என்றால், டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் பெயரில் அமைந்த தேசிய நிறுவனம் இலவசமாகவே கொடுக்கிறது.

பிழை கூடாது

நூலை "யூனிகோடு" எழுத்தில் அடிக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்தால், வேறு கருவியில் புரியாத குறிகளாகத் தெரியும். பிறகு, உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். இன்னொருவரிடமும் கொடுத்துத் திருத்த வேண்டும். "மனம்" என்பது "மணம்" ஆகிவிட்டால், கதையே மாறிவிடும்!

சிங்காரப்பேட்டைத் தொழிலாளியின் நோட்டு, இனி பரணில் கிடக்க வேண்டியது இல்லை. நிபந்தனையைப் படித்துவிட்டு, பிறகு பொத்தானை அழுத்தட்டும்!