ஒரு விரல் இழுப்புக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா உங்களுக்கு!

சோமனூரில் விசைத்தறிக்கு எந்தப் பாகம் தேய்ந்தாலும் கவலையே இல்லை! பழசைக் கையில் எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனால் புதுசோடு திரும்பலாம். கடையில் இல்லையா? கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கடைந்தே கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு இரும்புத் துண்டு உண்டு. சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. "அளவு இதுங்க, ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்று எந்தப் பட்டறையிலும் கேட்டுவிட முடியாது. என்ன அது தெரியுமா? துப்பாக்கியின் விசை. அதாங்க, ட்ரிகர்!

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்று எதையெல்லாம் சொல்கிறது தெரியுமா? முழுத் துப்பாக்கியை மட்டுமல்ல. அதன் பாகங்களும் ஆயுதம். ஆயுதம் செய்யும் இயந்திரமும் ஆயுதம்! துப்பாக்கியைச் செய்ய, விற்க, மாற்றியமைக்க, ஏன், பழுது பார்க்கக்கூட அந்தந்த வேலைக்கான உரிமம் வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்! கைப்பிடிக்குள் அடங்கும் துண்டுக்கு வாழ்நாள் முழுக்க உள்ளே!

அமெரிக்காவில் கதையே வேறு. வேட்டை ரைபிளோடு வந்த விசை பிடிக்கவில்லையா, வேறொன்றை வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். இதை மட்டுமே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் இருக்கின்றன. டிம்னி என்ற கம்பெனி 1946 முதல் இதைத்தான் செய்துவருகிறது!

சரி, ஏன் மாற்ற வேண்டும்? விசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். ஊடை அறுந்ததும் தறி தானாக நிற்கிறதல்லவா? காடியில் மாட்டியிருக்கும் ஹேண்டில், லேசாக ஒரு தட்டு விழுந்ததும் நழுவி, அதுவரை அடக்கிவைத்த ஸ்பிரிங் வேகத்தில் தெறித்து நகரும். போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்குள்ளும் இதேதான். போல்ட்டுக்குள் வலுவான ஸ்பிரிங் ஒன்று, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை முன்னே தள்ளத் துடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னக் கொக்கி. கொக்கியின் விளிம்பும் ஊசியின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் ஆழம் எவ்வளவு தெரியுமா? நல்ல விசைகளில் அரை மில்லிமீட்டர் அளவுதான்! அந்த அரை மில்லிமீட்டர் சொரசொரப்பாக இருந்தால் விரல் இழுக்க இழுக்க விசை நறநறவென்று நகரும். எப்போது வெடிக்கும் என்றே தெரியாது. கை அசையும், குறி தப்பும். கண்ணாடிபோல மெருகேறியிருந்தால், மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒடிவதைப்போல 'டக்'!

இனி நம்மூர் ரைபிளுக்கு வருவோம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இந்தியக் குடிமக்களுக்காகச் செய்யும் வேட்டை ரைபிளின் அளவு .315 அங்குலம். இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். தோட்டா கலகக்காரர்களுக்குக் கிடைத்துவிடுமோ என்ற பயம்! உடனே துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செய்தன? பழைய ஆஸ்திரிய ராணுவத் தோட்டா ஒன்றைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் ரைபிளுக்குப் பொருத்தி, இந்தியாவுக்கு விற்றன. ஆஸ்திரியாவில் பிறந்த தோட்டா வங்காளத்தில் குடியேறி இன்றும் இருக்கிறது! .303-க்கு இன்றைக்கும் தடைதான். வெள்ளைக்காரன் போனான், தடை போகவில்லை.

அந்தத் தடையிலிருந்து கிளம்பிய இன்னொரு கிளைக்கதையும் உண்டு. யானை, காட்டெருமை வேட்டைக்குப் பேர்போன .450 அளவுக்கும் 1907 வாக்கில் இந்தியாவில் தடை வந்தது. லண்டன் கம்பெனிகள் பதறிப்போய் .465, .470, .475 என்று புதிது புதிதாக அளவுகளைக் கண்டுபிடித்தன. ஒரு தடை ஆறேழு தோட்டாக்களைப் பெற்றெடுத்தது!

நம் இஷாப்பூர் ரைபிளின் மூதாதை பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு. அதன் விசையில் இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேடு வேலை செய்யும்வரை இழுப்பு லேசு. இரண்டாவது மேட்டில் முட்டியதும் விரல் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தினால்தான் வெடிக்கும். ராணுவம் வைத்த அளவு: முதல் இழுப்புக்கு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவதுக்கு 5 முதல் ஆறரை பவுண்டு. கிட்டத்தட்ட மூன்று கிலோவரை ஒற்றை விரலால் இழுக்க வேண்டும்! சேற்றில் விழுந்து புரண்டாலும், நடுங்கும் கையில் இருந்தாலும் தானாக வெடிக்கக் கூடாதே என்பதற்காகத்தான் இந்தக் கனம். குறி பார்ப்பவருக்கு இது தொல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு இதுவே காவல்.

லேசான விசை என்ன செய்யும் என்பதற்கு ரெமிங்டன் கதையைவிட வேறு சாட்சி வேண்டாம். உலகப் புகழ்பெற்ற ரெமிங்டன் 700 வேட்டை ரைபிள் 1962-இல் வந்தது. அதன் விசையை வடிவமைத்தவர் மைக் வாக்கர். உள்ளே 'கனெக்டர்' என்று ஒரு தனித் தகடு, எதிலும் இறுக்கப்படாமல் ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். இழுப்பு வெண்ணெயாக இருக்கும்! ஆனால் தகட்டுக்கும் விசைக்கும் நடுவே ஒரு துணுக்கு அழுக்கு புகுந்தால்? சேஃப்டி என்னும் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளியவுடனே, விரல் படாமலே, வெடித்துவிடும் என்று புகார்கள் குவிந்தன. 2000-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு தாய் சேஃப்டியை விலக்கியபோது ரைபிள் வெடித்து 9 வயது மகன் இறந்துபோனான். அவன் தந்தை பல ஆண்டுகள் அந்தக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார்.

இதில் நெஞ்சை அடைக்கிற செய்தி எது தெரியுமா? வாக்கரே 1940-களின் இறுதியில், 700-க்கு முந்தைய மாடல்களிலேயே இருந்த இந்த விசையை மேலும் பத்திரமாக்க ஒரு மாற்றத்தைச் சொல்லியிருந்தார். ஒரு ரைபிளுக்கு ஆகும் கூடுதல் செலவு ஐந்தரை சென்ட்! கம்பெனி ஏற்கவில்லை. தங்கள் துப்பாக்கியில் குறை எதுவும் இல்லை என்றே அது கடைசிவரை சாதித்தது. ஆனாலும் 75 லட்சத்துக்கு மேற்பட்ட ரைபிள்களுக்கு இலவசமாக விசை மாற்றித் தருவதாக நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டது. 2017-இல் தீர்ப்பு வந்தபோது எத்தனை பேர் மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்திருந்தார்கள்? ஏறத்தாழ 22,000 பேர்! மீதிப் பேர் பரணில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். வாக்கர் 101 வயதுவரை வாழ்ந்து 2013-இல் மறைந்தார்.

இந்தப் பயத்துக்கு ஒரு அழகான விடை 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ் கம்பெனியிலிருந்து வந்தது. விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரல் முதலில் அந்தத் தகட்டை அழுத்தினால்தான் விசைக்கு அனுமதி. ரைபிள் கீழே விழுந்து கொக்கி நழுவினாலும் அந்தத் தகடு அதைத் தடுத்து நிறுத்திவிடும், ஊசி பாயாது. லேசான இழுப்பும் கிடைத்தது, பயமும் போனது!

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? வேட்டை ரைபிளுக்கு இரண்டரை முதல் 4 பவுண்டு இழுப்பே நல்லது என்பது அனுபவசாலிகள் பலரின் கணக்கு. காட்டில் குளிரும் பதற்றமும் விரலை மரத்துப்போகச் செய்யும். அங்கே தொட்டால் வெடிக்கும் விசை ஆபத்து. மூடிய பெட்டிக்குள் அடங்கிய விசைகள் நேர்த்தியானவைதான். ஆனால் உள்ளே மணல் போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு. 1936-இல் வந்த வின்செஸ்டர் 70-இன் விசையோ திறந்த அமைப்பு, எண்ணிச் சொல்லக்கூடிய சில பாகங்கள், ஊதினால் தூசி போய்விடும். என்னைக் கேட்டால், செம்மண் பறக்கும் பூமிக்குத் திறந்த விசையும் இரண்டு கட்ட இழுப்பும்தான். மற்றதெல்லாம் கண்காட்சிக்கு.

"அதெல்லாம் சரிங்க, இங்கே வேட்டை எங்கே இருக்குது?" என்பீர்கள். நியாயம்தான்! 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் ஜவளகிரி முதல் பல காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது போல்ட் ரைபிளே இல்லை தெரியுமா? லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் .405 வின்செஸ்டர்! ஜிம் கார்பெட்டிடம்தான் போல்ட் ரைபிள். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-இல் அவர் வீழ்த்தியதற்குப் பரிசாக வந்தது அந்த .275 ரிக்பி.

காட்டுப்பன்றி தோட்டத்தைக் கிளறினால்கூட விவசாயி சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட அனுமதி என்று அறிவித்தது. சுடுவது யார்? வனத்துறைதான்! உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் கொங்குத் தோட்டக்காரருக்குத் தெரிந்த வழக்கமெல்லாம், தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பது.

ஆனால் விசையின் நுட்பம் இங்கே செத்துவிடவில்லை. துப்பாக்கி சுடும் போட்டிகளில் அது உச்சத்தில் இருக்கிறது! 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! சுடும் குண்டோ நாலரை மில்லிமீட்டர். இந்தப் போட்டிக்கு விசை எடையில் கீழ்வரம்பே கிடையாது. நூறு கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டுக்கு முன்வரை ஃபின்லாந்து வீரரோடு சமநிலையில் நின்றார். கடைசியில் அவர் சுட்டது 10.8, எதிராளி சுட்டது 9.7. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்!

ஏர் பிஸ்டலிலோ கறார். விசை எடை 500 கிராமுக்குக் குறையவே கூடாது. எப்படிச் சோதிப்பார்கள்? குழலை நேர் மேலே நிமிர்த்தி, விசையில் எடையைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைத் தூக்குவார்கள். எடை மேலே எழ வேண்டும், விசை நழுவக் கூடாது. மூன்று வாய்ப்பு. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் திடீரென்று அழைத்து மறுபடி சோதிப்பார்கள். அப்போது விசை நழுவியதா? எத்தனை பத்துப் புள்ளிகள் எடுத்திருந்தாலும் தகுதி நீக்கம்!