தீ எச்சரிக்கை: மணியோசை மட்டும் போதாது

புதுடில்லி: டில்லி உபஹார் திரையரங்கில், 1997 ஜூன் 13ம் தேதி, தரைத்தள மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை பால்கனியைச் சூழ்ந்தது. வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புகூட இல்லை. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தனர்.

வணிகக் கட்டட உரிமையாளர்கள் பலரும் எச்சரிக்கைக் கருவி வாங்கும்போது விலையைத்தான் பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது, உள்ளே இருப்போரை. எச்சரிக்கை ஒலி குறைந்தது 65 டெசிபல், அல்லது சுற்றுப்புற இரைச்சலைவிட 5 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது, 2008ம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம். உறங்குவோரை எழுப்ப, தலைமாட்டில் 75 டெசிபல். இயந்திரங்கள் இரையும் கூடத்திலும், காது கேளாதோர் வரும் இடத்திலும் மின்னும் விளக்கும் தேவை. திரையரங்கிலோ, எந்த வழியே வெளியேறுவது என்று சொல்லும் குரல்தான் உதவும். வெறும் மணியைக் கேட்டு, ஓடும் படத்தை விட்டு யார் எழுவார்?

விதிகளுக்குக் குறைவில்லை. ஆனால், 2016ம் ஆண்டின் தேசிய கட்டட விதித்தொகுப்பு வெறும் பரிந்துரையாகவே வெளியானது. தீயணைப்புப் பணி, அரசியல் சட்டத்தின் 12வது அட்டவணையில் நகராட்சிகளின் பொறுப்பாக இடம்பெற்றுள்ளது. எனவே, மத்திய அரசு 2019ல் மாநிலங்களுக்கு மாதிரி மசோதா அனுப்புவதோடு நின்றது. டில்லி முண்ட்காவில், 2022 மே 13ல் 27 பேரைப் பலிகொண்ட வணிகக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றே கிடையாது.