நூல் கட்டி நிறுத்தலாமா இளமையை?

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி ரயிலடியில் இறங்கும் கூட்டம் ஒரே திசையில்தான் நகரும். ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். அருவியின் கீழ் கால் மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள், "பத்து வயது குறைந்தாற்போல் இருக்கிறது!" என்பார்கள்.

குற்றாலத்துக்கு இந்தப் பெருமை பழையது. திருமாலாக நின்ற மூர்த்தியின் தலையில் அகத்தியர் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அதனால் உண்டான தலைவலி தீரக் குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்தும் வழக்கம் ஏற்பட்டதாம். சுவாமிக்கே வைத்தியம் பார்க்கிற ஊர் அது!

ஆனால் அருவி தருகிற புத்துணர்ச்சி வேறு. தொய்ந்த கன்னம் நிமிர்வது வேறு. துவட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், காலையில் பார்த்த அதே முகந்தான். அந்த முகத்தை நிமிர்த்துவதற்கென்று 'திரெட் லிஃப்ட்' என்ற நூல் சிகிச்சை வந்திருக்கிறது. சென்னை முதலிய நகரங்களில் செய்கிறார்கள். கத்தி இல்லை, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்ற விளம்பரம் கைப்பேசி வழியாக எந்த ஊருக்கும் எட்டிவிடுகிறது. அதில் எவ்வளவு உண்மை?

ஏன் தொய்கிறது?

தோலுக்கு உறுதி தருவது 'கொலாஜன்' என்னும் புரதம். வயது ஏற ஏற அது குறைகிறது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு கரைகிறது, சரிகிறது. முக எலும்புங்கூடச் சற்றுத் தேய்கிறது. காலும் கயிறும் தளர்ந்த பந்தலைப் போல, மேலே விரித்த தோல் தொங்குகிறது. வெயிலும் புகைபிடிக்கும் பழக்கமும் இதை விரைவுபடுத்தும்.

தூண்டில் முள்

இந்தச் சிகிச்சையில், முடியின் ஓரமாக மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சிறு துளை வழியாக நீண்ட ஊசியால் நூலைத் தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். நூலில் தூண்டில் முள்ளைப் போன்ற நுண்ணிய முட்கள் இருக்கும். அவை சதையைக் கவ்விக்கொள்ளும். நூலை மேலே இழுத்தால் கன்னமும் உயரும்.

இந்த யோசனை அழகுக்காகப் பிறந்ததன்று. காயத்தைத் தைப்பதற்கான முள் நூலுக்கு ஜான் அல்காமோ என்பவர் 1964-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். விரலை மடக்கும் தசைநாண்களைத் தைக்க அத்தகைய நூல் உதவுமா என்று மெக்கென்சி என்ற டாக்டர் சோதித்து, 1967-இல் எழுதினார். 1990-களில் மார்லன் சுலமானிட்ஸே என்ற டாக்டர் அதை முகத்துக்குக் கொண்டுவந்தார்.

எவ்வளவு காலம்?

முதலில் வந்தவை கரையாத நூல்கள். சிலருக்கு அவை தோலின் மேல் தென்பட்டன, சிலருக்கு வெளியே துருத்தின, எடுத்துவிடவும் நேர்ந்தது. இப்போது பெரும்பாலும் 'பாலிடயாக்ஸனோன்' போன்ற கரையும் நூல்கள். உடம்பினுள் போடும் தையலில் ஏற்கெனவே பழகிய பொருள்தான். ஆறு முதல் எட்டு மாதங்களில் கரைந்துவிடும். நூல் இருந்த இடத்தில் சிறிது புதிய கொலாஜன் உண்டாவதால் பலன் இன்னும் கொஞ்ச காலம் நீடிக்கலாம். பொதுவாக ஓராண்டு, சிலருக்குச் சற்று மேலே. அப்புறம் மறுபடி பணம், மறுபடி ஊசி!

மிதமான தொய்வுக்கே இது ஏற்றது. மிகவும் தொய்ந்த தோலை வெட்டி இழுத்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு இது ஈடாகாது. நெற்றிச் சுருக்கமும் கரும்புள்ளியும் நூலால் போகா. வீக்கமும் கன்றலும் சில நாளில் அடங்கும். ஆனால் தோலில் குழி விழுவதும், ஒரு கன்னம் ஏறி மறு கன்னம் இறங்கி நிற்பதும், சீழ் பிடிப்பதும் உண்டு.

அருவிக்குப் போகலாமா?

குற்றாலப் பிரியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. நூல் போட்ட பிறகு சில வாரங்கள் முகத்தைத் தேய்க்கக் கூடாது; அழுத்தக் கூடாது; வாயை அகலத் திறக்கக் கூடாது; குப்புறப் படுக்கக் கூடாது. எண்ணெய்த் தேய்ப்பு ஆகவே ஆகாது. பேரருவித் தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அப்படியும் முதுகில் அறைவது போலிருக்கும்! முட்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளுமுன் அந்த அடி கன்னத்தில் விழுந்தால், நூல் நழுவிவிடலாம். வீட்டில் கலியாணம் என்று முதல் நாள் போய் நூல் போட்டுக்கொள்வதும் புத்திசாலித்தனம் அல்ல.

யாரிடம் போவது?

முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் ஓடுகின்றன. அவை எங்கே என்று தெரியாத கையில் நீண்ட ஊசி ஆபத்து. இது அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் காரியமன்று. தோல் வைத்தியத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டம் பெற்ற டாக்டர்தானா, மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன நூல், எத்தனை மாதம் நிற்கும், கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் முகத்தை ஒப்படைக்க வேண்டாம்.

நூல் போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓராண்டு இளமைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போகட்டும். உச்சிவெயிலில் ஒரு குடை பிடிப்பதற்கு எந்த டாக்டரும் வேண்டாம். பீடியையும் சிகரெட்டையும் தலைமுழுகுவதற்கோ, குற்றாலத்தைவிடத் தோதான இடம் கிடையாது!