முற்றத்தில் ஓர் உப்பளம்: கடலாடி வீட்டுத் தோட்டக் கணக்கு

கடலாடி வீட்டில் மூன்றாவது எலுமிச்சைக் கன்றும் போன ஆனியில் கருகிப் போனது. முதல் இரண்டும் போனபோது நர்சரிக்காரரைக் குறை சொன்னோம். மூன்றாவதுக்கு அந்தச் சாக்கும் இல்லை. வேறு ஊரிலிருந்து நானே பார்த்து வாங்கி வந்தது.

அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். "ஒரு நாள் விடாம ஒரு குடம் ஊத்துனேனேடா. இலை நுனி காயுதுன்னு சாயங்காலமும் கொஞ்சம் சேத்து ஊத்துனேன். இந்த மண்ணுக்கு எதுவும் வராது, விட்ரு" என்றார்.

இந்த "மண்ணு சரியில்ல" என்ற பேச்சை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கலாம். எனக்கு ஒரு சந்தேகம். வீட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அதே மண்ணில் முண்டு மிளகாய் காய்க்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். மிளகாய் ஒன்றும் உப்பைத் தாங்குவதில் பெரிய வீரன் கிடையாது. அது வருகிற மண்ணில் எலுமிச்சை மட்டும் ஏன் சாகிறது? இதைத் தேடிப் படித்து, வீட்டில் அளந்து பார்த்ததன் குறிப்புதான் இந்தப் பதிவு.

ஒரு குடத்தில் எவ்வளவு உப்பு?

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி எங்கள் போர் தண்ணீரில் வைத்தேன். 2,500 காட்டியது. அதாவது ஒரு லிட்டரில் 2,500 மில்லிகிராம், இரண்டரை கிராம் உப்பு. (கறியுப்பு மட்டுமல்ல, கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் சேர்த்து.) பாசன நீரைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட கையேடு, 2,000-க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. நாங்கள் அதையும் தாண்டிவிட்டோம்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் தினமும் 37.5 கிராம். மழை இல்லாத தை முதல் புரட்டாசி வரை, தோராயமாக 270 நாள். மொத்தம் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ஒரே கன்றின் குழியில் பத்து கிலோ உப்பு! இதைக் கையால் அள்ளிப் போட்டிருந்தால் அம்மாவே என்னை அடித்திருப்பார். தண்ணீரில் கரைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த உப்பு எங்கே போகும்? எங்கும் போகாது. செடியின் வேர் தண்ணீரை உறிஞ்சும்போது உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே விட்டுவிடும். வெயிலில் ஆவியாகிப் போவதும் தண்ணீர் மட்டும்தான். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். உப்புநீரைப் பாத்தியில் கட்டு, வெயிலில் காயவிடு, மறுபடி கட்டு. நாங்கள் முற்றத்தில் செய்ததும் அச்சு அசலாக அதே வேலைதான். குழியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. பழைய இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் காய்வது இதன் அடையாளம். பார்க்கிறவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், கூடவே இன்னும் கொஞ்சம் உப்பும் போகும். அம்மாவின் அக்கறைதான் செடியைக் கொன்றது. அம்மாவிடம் நான் இப்படிச் சொல்லவில்லை. தப்பு தண்ணீரில் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதானே.

மிளகாய் எப்படிப் பிழைக்கிறது?

முண்டு மிளகாய் எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. மழையிலேயே வளர்ந்து மாசி, பங்குனியில் பழம் எடுப்பது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்த மழை முதலில் மேல்மண்ணின் உப்பைக் கீழே கழுவிவிடும். பிறகு அதே மழையின் ஈரத்தில் செடி வளரும். இடையில் தண்ணீர் தேவைப்பட்டாலும் பண்ணைக்குட்டையில் தேங்கிய மழைநீரைத்தான் தேடுவார்களே தவிர, உப்பு போரை யாரும் விரும்பித் திறப்பதில்லை.

நம் பெரியவர்கள் வேலை செய்ததும் இதே மண்ணில்தான். அவர்கள் உப்பைக் கொண்டுவந்து கொட்டவில்லை, அவ்வளவுதான். ஆக, எங்கள் ஊரில் தோட்டம் போடுவது என்றால் முதல் வேலை உப்பின் வரவு செலவைப் பார்ப்பது. உரம், பூச்சி மருந்தெல்லாம் அதற்கப்புறம்.

செலவுக் கணக்கு: உப்பை வெளியேற்றுவது

உவர் மண்ணைக் கழுவுவதற்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. ஓர் அடி மண்ணின் வழியாக ஓர் அடி உயரத் தண்ணீர் இறங்கிப் போனால், அந்த மண்ணின் உப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடும். ஒரு சதுர மீட்டர் குழிக்கு ஓர் அடித் தண்ணீர் என்றால் 305 லிட்டர்.

அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மேலே பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 929 லிட்டர். சுமாரான ஒரு மழையிலேயே மூன்று குழிகளைக் கழுவலாம். தமிழ்நாட்டில் 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இப்போது தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதைத் தோட்டத்தின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் முக்கால் அடி உயரத்துக்கு வரப்பு கட்டினால் போதும். புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

இதில் நான் தெரியாமல் மாட்டிக்கொண்ட மூன்று விஷயங்கள்:

ஒன்று, முதல் தூறல். லேசான மழை, மேலே பூத்த உப்பைக் கரைத்து நேராக வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்குக் கீழே தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. "அதான் மழை பேஞ்சிருச்சே" என்று அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தக்கூடாது. மழைக்கு முன்பே அந்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டி வெளியே கொட்டிவிடுவது இன்னும் நல்லது.

இரண்டு, வடிகால். எங்கள் பக்கம் கரிசல். தண்ணீர் சட்டென்று இறங்காது. தாழ்வான இடமென்றால் கீழே போன உப்பு கோடையில் திரும்ப மேலே ஏறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் குழி தோண்டுவதைவிட ஒன்றரை, இரண்டு அடி மேடு கட்டி அதில் நடுவது மேல். சாயல்குடி, மூக்கையூர் பக்கத்து மணலில் இந்தத் தொல்லை குறைவு. ஓரளவு மழைக்கே கழுவிக்கொள்ளும்.

மூன்று, களர். உப்பு வேறு, சோடியம் வேறு. மண்ணில் சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து கூழாகி, துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் எடுத்து, கோலிக்குண்டு அளவு காய்ந்த மண்கட்டியை மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்திருந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மேகம் பரவினால் சோடியம் அதிகம். அப்போது வெறும் மழை போதாது. மழைக்கு முன் ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், மழை சோடியத்தைக் கழுவிக்கொண்டு போகும். எவ்வளவு போடுவது என்பதை மட்டும் ஊகிக்காமல் மண் பரிசோதனை செய்து கேளுங்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

வரவுக் கணக்கு: உப்பைக் குறைப்பது

தினமும் ஒரு குடம் என்பதை விட்டுவிட்டு, நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி ஊற்றுவது நல்லது. மேலாக நனைத்தால் உப்பு மேலேயே தங்கும். தண்ணீரை இலையில் படாமல் தூரில் ஊற்ற வேண்டும். தூரைச் சுற்றிச் சருகு, பனை ஓலை எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் ஆவியாவது குறையும். ஆவியாவது குறைந்தால் ஊற்றுவதும் குறையும், உப்பும் குறையும்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் எங்கள் ஊரில் தங்கம். குடிநீர்க் குழாயில் வருவதால் உப்பு கம்மி. ஆனால் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். போட்ட தண்ணீரை விட அதில் உப்பு அதிகம். வாஷிங் மெஷின் தண்ணீரில் சோப்புத்தூளின் சோடியம் இருக்கும். அடுப்புச் சாம்பலும் உவர் மண்ணுக்கு வேண்டாம். அது களியை இன்னும் கெடுக்கும். தென்னை நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள்; அதிலும் உப்பு இருக்கும்.

எதை நடுவது?

சீமைக்கருவேலம் இங்கே ராஜா மாதிரி இருப்பதற்கு ஒரு காரணம், உவரைத் தாங்கும் திறன். அதே திறன் உள்ள நல்ல மரங்களும் இருக்கின்றன. நிழலுக்குப் பூவரசு, புங்கம், வேம்பு, புன்னை. பழத்துக்குச் சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி. வேலியோரம் பனை, அது பலன் தருவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மாதுளை, கொய்யா, முருங்கை நடுத்தரம்; மேலே சொன்ன கவனிப்பு இருந்தால் வரும். மா, எலுமிச்சை, ரோஜா, அவரை இவையெல்லாம் உப்புக்கு மிரளுகிறவை. போர் தண்ணீரை நம்பித் தரையில் வைத்தால் ஏமாற்றம்தான். எந்தக் கன்றானாலும் நடுவதற்குச் சரியான காலம் ஐப்பசி. முதல் மூன்று மாதம் மழையிலேயே வேர் பிடித்துவிட்டால், பிறகு வரும் உப்பைக் கொஞ்சம் தாங்கும்.

போன ஐப்பசியில் மாடிக் குழாயைத் திருப்பினோம். எலுமிச்சை இருந்த குழியை வரப்பு கட்டி மூன்று மழைக்குக் கழுவவிட்டு, அதில் ஒரு சப்போட்டா வைத்தோம். இந்தச் சித்திரையில் இலை நுனி ஒன்றும் காயவில்லை. ஒரு வருஷத்தை வைத்து வெற்றி என்று சொல்ல மாட்டேன். இரண்டு கோடை தாண்டட்டும்.

எலுமிச்சை ஆசையை அம்மா விடவில்லை. நாலாவது கன்று இப்போது அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கிறது. பக்கத்தில் மழைநீர் பிடித்த இன்னொரு டிரம். அதை மூடி வைத்து, செம்பால் மொண்டுதான் ஊற்றுகிறார். போர் குழாயை அந்தப் பக்கம் யாரும் இழுத்துவிடாதபடி காவல் வேறு.