சாம்பியன் ரீப்ஸிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை: தூரமும் நேரமும்

எவ்வளவு தூரம் என்று சாம்பியன் ரீப்ஸ்வாசியிடம் கேட்டால், பெரும்பாலும் மணிக் கணக்கில்தான் பதில் வரும். 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் சுரங்கம் தோண்டிய ஊர் இது. தரையில் 3 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நடை. சுரங்கத்தின் அடிமட்டத்தையோ ஒரே கூண்டில் எட்ட முடிந்ததில்லை. வழியில் இறங்கி வேறு கூண்டு மாற வேண்டியிருந்தது.

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயலில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். சிலருக்கு வளைகுடா நாடுகளில். ஆகவே விமானக் கணக்கும் இவ்வூர்க் குடும்பங்களுக்குத் தேவைப்படுகிறது.

டிக்கெட்டில் உள்ள நேரம்

பெங்களூரிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் 4 மணி. காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் பகல் 12.30-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கும். இரண்டரை மணியில் போய்விடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. புறப்படும் நேரம் இந்திய நேரம்; சேரும் நேரம் துபாய் நேரம். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறாக, பயணம் நீண்டதுபோல் தோன்றும். உண்மையில் வரும் பயணமே பெரும்பாலும் சற்றுக் குறைவு. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது.

தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சாலையில் செல்லும் நேரத்தையும், 3 மணி முன்னதாகவே அங்கே இருக்க வேண்டியதையும் கூட்டினால், 4 மணிப் பயணம் 9 மணி ஆகிவிடும்.

துருவத்தைத் தொட்ட பாதை

2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு எங்கும் நிற்காமல் வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். இரு நகரங்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்; பயணம் சுமார் 17 மணி. 9-ஆம் தேதி இரவு கிளம்பியவர்கள் 11-ஆம் தேதி விடியுமுன் இறங்கினார்கள். நடுவில் ஒரு தேதி கடிகார வித்தியாசத்திலேயே கரைந்துபோயிற்று.

அவர்கள் வந்த வழி வடதுருவத்தின் மேலாக. சுவர்ப்படத்தில் பார்த்தால் இது சுற்றுவழிபோலத் தெரியும். ஆனால் பூமி உருண்டை. இவ்விரு ஊர்களும் உருண்டையின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளவை. ஒரு பந்தில் இரு புள்ளிகளை வைத்து நூலை இழுத்துப் பிடித்தால், உச்சி வழியாகச் செல்வதே குறுக்குவழி என்பது விளங்கும்.

மாதத்தில் ஒரு நாள்

இனி உள்ளூர்க் கணக்கு. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன் நிலையத்தில் ஆளேற்றி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் பாசஞ்சர் ரயிலுக்குத் தூரம் 90 கிலோமீட்டருக்கும் குறைவு. நேரமோ 2 மணிக்கு மேல். போகவர 4 மணி என்றால் அது துபாய்ப் பயணம். வாரத்தில் 6 நாளுக்கு 24 மணி. சான்பிரான்சிஸ்கோவே போய்ச் சேர்ந்துவிடலாம்.

விமானம் நேரத்தை மிச்சப்படுத்த உலகின் உச்சி வழியாகப் பறக்கிறது. இந்த ரயிலில் ஒரு வழிக்கு அரைமணி குறைத்தாலும் போகவர 1 மணி மிச்சம். மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்தால், ஒரு முழு நாள் தொழிலாளியின் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும்.